கண்மாய்க் கரையில் நிறுத்துகிற ஜீப்

மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாலியெஸ்டர். வீட்டுக்கு வந்து அதில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன், கொஞ்சமும் உறிஞ்சவில்லை. எனக்கு மரியாதை செய்ய நினைத்தவர்கள் ஒரு கட்டு பனியன் வேஸ்ட் கொடுத்திருந்தால் வாய் நிறைய வாழ்த்தியிருப்பேன்.

அதோடு விட்டார்களா? புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். நேர்மை, கடின உழைப்பு, வாடிக்கையாளர் திருப்தி என்று எழுதினால் நீங்கள் யாரும் படிக்கப்போவதில்லை. நானே படிக்கமாட்டேன். அதனால் ஒரு ஜீப்பைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு கல்யாணமும் வருகிறது, ஆகையால் கடைசிவரை படிப்பீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்ப், டைனமோ வேலை பார்க்கிற கடை வைத்திருந்தேன். கடையைத் திறந்தவர் என் வீட்டுக்காரர். ரிப்பன் வெட்டியதோடு அவர் வேலை முடிந்தது. மீதி ஆயுளெல்லாம் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து நாட்டை நடத்தினார், நான் கடையை நடத்தினேன். நாட்டைவிடக் கடை நன்றாகவே ஓடியது. ஊருக்கெல்லாம் நான் செல்ப் அக்கா. என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

சாவியைத் திருப்பினதும் 'கிர்ர்' என்று இன்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற மோட்டார்தான் செல்ப். அது படுத்துவிட்டால், ஓடுகிற வண்டி ஓடும், நின்ற வண்டி புறப்படாது. தள்ள வேண்டும். தள்ள ஆள் வேண்டும், ஆளுக்கு டீ வேண்டும், டீக்கு வடை வேண்டும். இந்தத் தொல்லைக்கு நம் பக்கத்து ஆட்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கண்மாய்க் கரை. செல்ப் போன வண்டியைக் கரை மேலே ஏற்றி, மூக்கு சரிவைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விட்டால் வண்டி தானே உருளும், பாதிச் சரிவில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். செலவு இல்லை, மெக்கானிக் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கரையில் பார்த்தாலும் ஒரு ஜீப்போ டிராக்டரோ தண்ணீர் குடிக்கப் போகிற மாடு மாதிரி தலையைக் குனிந்து நிற்கும். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, கரைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அப்படிக் கரையில் நின்ற ஜீப்புகளில் ஒன்று குமரேசனுடையது. குமரேசன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவன், அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம். குவாரியில் கழித்துப் போட்ட ஜீப்பை வாங்கி, ஒரு வேனின் இன்ஜினை அதில் இறக்கியிருந்தான். லீவில் வரும்போதெல்லாம் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு தைலமரக் காட்டிலும் வறண்ட கண்மாயிலும் ஓட்டுவான். அதற்கு ஆஃப் ரோடு என்று பெயர். நம் ஊரில் அதற்கு எதற்குக் காட்டுக்குப் போக வேண்டும், பஞ்சாயத்து ரோடே போதுமே என்று கேட்டால் கோபித்துக்கொள்வான்.

ஒருநாள் அந்தக் குமரேசன் முகம் தொங்கிப்போய்க் கடைக்கு வந்தான். கையில் ஒரு சாக்கு. வாசலில் ஜீப்பை ஆஃப் செய்யாமலே நிறுத்தியிருந்தான்.

"அக்கா, என் கல்யாணமே ஒங்க கையிலதான் இருக்கு."

"என் கையில ஸ்பேனர்தான்டா இருக்கு. விஷயத்தச் சொல்லு."

விஷயம் இதுதான். திருவரங்குளத்தில் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண் பெயர் பவித்ரா, கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். அப்பா அரசு பஸ் ஓட்டி ரிட்டயரானவர். கேசரி நன்றாக இருந்திருக்கிறது, பெண்ணும் பையனும் பேசியதும் நன்றாக இருந்திருக்கிறது. புறப்படும்போது இவன் சாவியைத் திருப்பினால் ஜீப் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். மறுபடி 'டிக்'. திருவரங்குளத்தில் அந்தத் தெரு தட்டு மாதிரி சமதளம். கரைக்கு எங்கே போவது? கடைசியில் பெண் வீட்டார் எல்லாரும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பவித்ராவும் ஸ்டெப்னியில் கையை வைத்துத் தள்ளியிருக்கிறாள். அவள் அப்பா மட்டும் தள்ளவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாராம்.

"அவரு என்ன சொன்னாரு தெரியுமாக்கா? 'ஒரு வண்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படி வச்சுக்குவான்'னு கேட்டுட்டாரு."

"கேட்டதுல ஒண்ணும் தப்பில்லயே?"

"அக்கா!"

"சரி சரி. பொண்ணு என்ன சொல்லுது?"

பெண்தான் காரியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. போனில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வாடகைக் கார்ல வராதீங்க. அதே ஜீப்ல வாங்க. எங்க வாசல்ல வந்து ஆஃப் பண்ணுங்க. எங்கப்பா பாக்கறப்ப சாவியத் திருப்புங்க. ஸ்டார்ட் ஆனா அப்பறம் தட்டு. தள்ளுறதுக்கு எங்க வீட்ல இனிமே ஆளு இல்ல" என்றிருக்கிறாள். இவனுக்கு லீவு முடியப் போகிறது. இந்த வெள்ளியை விட்டால் அடுத்த லீவுதான், அதுவரை பெண்ணின் அப்பா சும்மா இருக்கமாட்டார், வேறு இடம் பார்த்துவிடுவார். அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொல்லும்போது கிரேன் ஓட்டுகிறவன் சாக்கின் முனையைப் போட்டு முறுக்கினான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சாக்கில் என்ன என்று கேட்டேன். இன்ஜின் மாற்றினவன் அன்றைக்கே மாட்டிக் கொடுத்த பழைய செல்ப்பாம். 'டிக் டிக்' என்று மக்கர் செய்ததால் வேறொரு மெக்கானிக் அது செத்துவிட்டது என்று கழற்றிப்போட்டு, புதிது ஒன்று மாட்டியிருக்கிறார். புதிதும் அதே 'டிக்'. நடுவில் 'கரகர' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. சாக்கை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஜீப்புக்குக் கீழே புகுந்தேன்.

புது செல்ப்பைக் கழற்றியதுமே 'கரகர' எதனால் என்று தெரிந்துவிட்டது. செல்ப்பின் முனையில் ஒரு சின்னப் பல் சக்கரம் இருக்கும். அது வெளியே நீண்டு இன்ஜினின் ஃப்ளைவீல் என்கிற பெரிய சக்கரத்தின் பல்லைப் பிடித்துச் சுற்ற வேண்டும். இங்கே சின்னச் சக்கரத்தின் பல்லெல்லாம் கருவாட்டைப் பூனை கடித்த மாதிரி இருந்தது. அந்த மெக்கானிக் இன்ஜின் பெயரைச் சொல்லி செல்ப் வாங்கியிருக்கிறார். அது சொந்த வண்டியிலேயே இருக்கிற இன்ஜினுக்குச் சரி. இன்ஜின் மாற்றிய வண்டியில் இன்ஜின் ஒரு வீட்டுப் பிள்ளை, கியர்பாக்ஸ் ஒரு வீட்டுப் பிள்ளை, நடுவில் இருக்கிற ஃப்ளைவீல் யார் வீட்டுப் பிள்ளை என்று மாற்றினவனுக்கே நினைவிருக்காது. செல்ப் பேச வேண்டியது ஃப்ளைவீலோடு. இன்ஜின் பெயர் அதற்கு எதற்கு?

நான் என்ன செய்தேன் தெரியுமா? துணி சோப்பை ஒரு துண்டு வெட்டி வெந்நீரில் காட்டி இளக்கி, செல்ப் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு ஃப்ளைவீல் பல்லில் அழுத்தி அச்சு எடுத்தேன். அச்சை டிபன் பாக்ஸில் வைத்துத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். பழைய சாமான் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு செல்ப்பின் பல்லையும் சோப்பில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். கடைசியில் ஒரு லோடு வேனின் செல்ப் அச்சில் அப்படியே போய் உட்கார்ந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, என்னைவிடக் கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நீங்கள் உஷாராகிவிட வேண்டும். நான் ஆகவில்லை.

செல்ப்பை மாட்டினேன். அவன் பேட்டரி சோர்ந்திருந்ததால், எல்லாரும் செய்கிற மாதிரி கடைப் பேட்டரியிலிருந்து ஜம்பர் வயரைக் கொண்டுவந்து, சிவப்பை அவன் பேட்டரியிலும் கறுப்பை இன்ஜின் இரும்பிலும் கவ்வினேன். சாவியைத் திருப்பினான். 'கிர்ர்', உடனே இன்ஜின் பிடித்தது. ஆஃப் செய்து திருப்பினான், மறுபடியும் பிடித்தது. எதிர்த்த டீக்கடையில் என் வீட்டுக்காரர்கூட நாட்டை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஜம்பர் வயரைக் கழற்றி, "போற வழியில புது பேட்டரி வாங்கிப் போட்டுக்க" என்று சொல்லி வழியனுப்பினேன். அவனும் இன்ஜினை அணைக்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூட வரச் சொன்னான். உறவு முறைக்கு இல்லை, இன்சூரன்சுக்கு. பட்டுப்புடவை கட்டி, மடியில் பழத்தட்டும் கைப்பையில் ஸ்பேனருமாக ஜீப்பில் ஏறினேன். முன்னால் அவனும் அவன் ஆத்தாவும், பின்னால் நானும் அவன் சித்தப்பாவும். பின்னாலேயே ஒரு வேனில் மற்ற ஜனம். ஆத்தா வழியெல்லாம் எல்லா சாமிக்கும் நேர்ந்துகொண்டே வந்தார். திருவரங்குளத்தில் அந்த வீட்டு வாசலில் குமரேசன் ஜீப்பை ஆஃப் செய்தபோது, பத்தரைக்கு ராகு காலம் என்று வாசலிலேயே ஒருவர் அறிவிப்பு கொடுத்தார். அதற்குள் தட்டு மாறியாக வேண்டும்.

காபி குடித்தோம். பவித்ராவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். "எங்க, திருப்புங்க பாப்போம்" என்றார். தெருவே கூடி நின்றது.

குமரேசன் சாவியைத் திருப்பினான்.

'டிக்.'

ஆத்தா "முருகா" என்று உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு தள்ளு தள்ளுனா ஆயிடும், வாங்க எல்லாரும்." வேனில் வந்த பையன்கள் ஜீப்புக்குப் பின்னால் போய்க் கையை வைத்துவிட்டார்கள். பவித்ராவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டார். பவித்ரா படியில் நின்று குமரேசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளைகளா, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்த நேரத்தில் சுலபமான காரியம் தள்ளுவதுதான். பத்து எட்டு தள்ளினால் வண்டி ஓடியிருக்கும். எல்லாருக்கும் மானமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், எனக்கும்தான். ஆனால் கோளாறு எங்கே என்பது அந்தத் தள்ளோடு மறைந்துபோயிருக்கும். இத்தனை வருஷம் கரையில் உருட்டி உருட்டி இவன் அதைத்தானே மறைத்து வைத்திருந்தான்? நான் பழத்தட்டை ஆத்தாவின் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

"யாரும் வண்டியத் தொடாதீங்க!" என்று கத்தினேன். "சித்தப்பா, வேட்டிய எறக்குங்க. குமரேசா, பானட்டத் திற. நான் சொல்றவரைக்கும் சாவியத் திருப்பிப் புடி."

"அக்கா, நேரமாகுது..."

"திருப்பிப் புடிடான்னேன்!"

புது பேட்டரி. சரியான செல்ப். அப்படியும் 'டிக்' என்றால், கரண்ட் போகிற வழியிலோ வருகிற வழியிலோதான் கோளாறு. அவன் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு வயராகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரி வயர் குளிர்ச்சி. செல்ப் வயர் குளிர்ச்சி. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டதும் "ஆத்தாடி" என்று கையை உதறினேன். விரல் பொத்துவிட்டது. ஆக்சிலேட்டர் கேபிள் என்பது மிதித்தால் இழுக்கிற வெறும் இரும்புக் கம்பி. அது ஏன் சுட வேண்டும்?

ஏனென்றால் கரண்ட் அதன் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து செல்ப்புக்குப் போன கரண்ட் திரும்பி வரவும் வழி வேண்டும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினுக்கும், பேட்டரி மைனஸ் பிடித்திருக்கிற சேசிஸ் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தடித்த எர்த் வயர் போடுவார்கள். இன்ஜின் மாற்றினவன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அந்த ஒரு வயரைத் திருப்பி மாட்ட மறந்துவிட்டான். பாவம் கரண்ட், கிடைத்த ஆக்சிலேட்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்படியானால் என் கடையில் மட்டும் எப்படி ஓடியது? கடையில் ஜம்பர் வயரின் கறுப்பை இன்ஜின் இரும்பில் கவ்வினேன் அல்லவா? இல்லாத எர்த்தை என் கையாலேயே கொடுத்துவிட்டு, ஓடுகிறது ஓடுகிறது என்று குதித்திருக்கிறேன். அதற்குப் பிறகு இவன் பழக்க தோஷத்தில், சாவியைத் திருப்பிப் பார்க்காமலே, கரையில் நிறுத்தி உருட்டிவிட்டான். தன் சொந்தக் காலில் அந்த ஜீப் முதன்முதலாக நிற்க வேண்டியிருந்தது அந்த வாசலில்தான். வண்டியை அதனிடம் இருப்பதை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று நான் எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருப்பேன்!

"ஜம்பர் வயர் வச்சிருக்கியா?" என்று கேட்டேன். செல்ப் சரியில்லாத வண்டிக்காரன் எவனும் அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டான். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தான். கறுப்பு வயரை மட்டும் பிரித்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வினேன்.

பவித்ராவின் அப்பா கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "என்னம்மா இது, வேற பேட்டரில இருந்து கரண்ட் குடுக்கறியா? இது ஏமாத்துல்ல?"

"வேற பேட்டரி எங்கண்ணே இருக்கு? குனிஞ்சு பாருங்க. இவன் வண்டி, இவன் பேட்டரி. ஒரு எர்த் வயரு இல்ல, அம்புட்டுத்தான்."

குனிந்து பார்த்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன். "எர்த்தா!" என்றார்.

குமரேசன் சாவியில் கை வைத்தான். "எறங்குங்க" என்று ஒரு குரல். பவித்ரா படியிறங்கி வந்தாள். "நான் திருப்புறேன்." இவன் மறுபேச்சில்லாமல் இறங்கினான். அவள் ஏறி உட்கார்ந்து திருப்பினாள்.

'கிர்ர்ர்.' பிடித்தது. தெருவில் ஒரே கைதட்டல். ஆத்தா என் பொத்துப்போன விரலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் ஆஃப் செய்தாள், என்னைப் பார்த்து "அந்த வயர எடுத்துட்டு ஒரு தடவ" என்றாள். எடுத்தேன். 'டிக்.' மாட்டினேன். 'கிர்ர்.' எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

அத்தோடு விட்டாளா? "அப்ப, செல்ப் செத்துப்போச்சுன்னு முன்னாடி ஒண்ணக் கழட்டிப் போட்டதாச் சொன்னீங்களே, அது?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்தச் சாக்கு அங்கேதான் கிடந்தது, கடையில் இடத்தை அடைக்கிறதென்று நானே அன்று திருப்பி ஏற்றிவிட்டிருந்தேன். இறக்கச் சொன்னேன். பழைய செல்ப்பை வெளியே எடுத்ததுமே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அது ஒரு லோடு வேனின் செல்ப். நான் சோப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சியெல்லாம் தேடி வாங்கி வந்ததற்கு அச்சு அசல் அண்ணன். என் மேசைக்கு அடியில் படுத்திருந்திருக்கிறது, நான் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, செல்ப்பைத் தெருவில் கிடத்தி, துள்ளாமல் இருக்க ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரையும் கொடுத்தேன். 'விர்ர்ர்' என்று சுற்றியது. புத்தம் புதிது மாதிரி. ஒரு குறையும் இல்லை.

யாரும் கைதட்டவில்லை. பவித்ராவின் அப்பா குனிந்து அந்தச் செல்ப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் குமரேசன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நல்லா இருந்தத செத்துப்போச்சுன்னு கழட்டி, சாக்குல கட்டிப் போட்டிருக்கீங்க. கொற ஒங்க வண்டில. நாளைக்கு என் பொண்ணுக்கும் இதே கதியா தம்பி?"

பிள்ளைகளா, இது செல்ப் வேலைக் கேள்வி இல்லை. மெக்கானிக் மேல் பழியைப் போட அவனுக்கு வழி இருந்தது, இரண்டு மெக்கானிக் கைவசம் இருந்தோம். நானே வாயைத் திறக்கப் போனேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

"மெக்கானிக்க சொல்லித் தப்பிக்க முடியாது மாமா. வாங்குன நாள்லருந்து கரைலயே உருட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், ஓடுதேன்னு விட்டுட்டேன்" என்றான். "இனி என்ன கொறன்னாலும் மொதல்ல என் பக்கத்துல எர்த் இருக்கான்னு பாத்துட்டுத்தான் பேசுவேன்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சாவியை உருவி, இறங்கி வந்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க தெருவுலயும் கரை இல்ல, நாம குடியிருக்கப்போற எடத்துலயும் கரை இருக்காது. ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள். அப்பா பக்கம் திரும்பி, "பத்தரை ஆகப்போகுதுப்பா, தட்ட எடுங்க" என்றாள்.